மாணவர்கள் 1,100, அணிகள் 24: இந்தக் கல்லூரியை நம்பலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், டென்னிஸ் நன்றாக ஆடுவாள். பென்சில்வேனியாவில் 1,100 மாணவர்கள் படிக்கும் ஒரு தனியார் கல்லூரியின் பயிற்சியாளர் வாரம் இரண்டு முறை அழைக்கிறார். "விளையாட்டுக்கென்று உதவித்தொகை தர எங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் ஆண்டுக்கு 28,000 டாலர் நிதியுதவி கிடைக்கும்" என்கிறார். மொத்தச் செலவு 60,000 டாலர். இவ்வளவு சிறிய கல்லூரி 24 அணிகளை எப்படித் தாங்குகிறது? மகள் படித்து முடிக்கும் வரை கல்லூரி இருக்குமா? மே 1க்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

பதில்: சகோதரி, அணிகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அதைப் பார்த்து நம்பிவிடவும் வேண்டாம். இப்படிப்பட்ட ஒரு கல்லூரியின் நிதி அலுவலகத்தில் பல ஆண்டுகள் கணக்கு பார்த்தவன் என்ற முறையில், உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கல்லூரி விளையாட்டு வேறு உலகம். அது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் மூன்று டிவிஷன்களில் முதலாவது. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஒரு சமரசத்துக்குப் பிறகு, அங்கே ஒரு பல்கலைக்கழகம் வீரர்களுக்கு நேரடியாகவே பங்கு கொடுக்கலாம்; 2025-26இல் அதற்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். உங்கள் மகளை அழைக்கும் கல்லூரி மூன்றாம் டிவிஷனில் இருக்கிறது. அங்கே டிக்கெட் வசூல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. தொலைக்காட்சிப் பணமும் கிடையாது. விளையாட்டுத் திறமைக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக் கூடாது என்பது அந்த டிவிஷனின் அடிப்படை விதி.

அப்படியானால் அணிகள் எதற்கு? மாணவர்களைச் சேர்க்க. சிறு கல்லூரியில் விளையாட்டுத் துறை என்பது பெருமளவுக்குச் சேர்க்கை அலுவலகத்தின் இன்னொரு கை. நான் வேலை பார்த்த இடத்தில், சேர்க்கைப் பிரிவுச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். இடப்பக்கம் அணியின் பெயர், நடுவில் இலக்கு, வலப்பக்கம் முன்பணம் கட்டியவர்களின் எண்ணிக்கை. பெண்கள் வாலிபால் அணிக்கு நேரே ஓர் ஆண்டு 22 என்றும் 17 என்றும் எழுதியிருந்தது. அந்தப் பயிற்சியாளர் தினமும் மதியம் வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போவார். 17 அழிந்து 18 ஆன நாளில் அலுவலகத்துக்கே கேக் வாங்கி வந்தார். உங்களுக்கு வாரம் இரண்டு முறை அழைப்பு வருவதற்குப் பின்னாலும் இப்படி ஓர் எண் இருக்கக்கூடும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

கணக்கு இப்படிப் போகும். உங்கள் மகள் 60,000 டாலரில் 28,000 கழித்து 32,000 கட்டுவாள். அப்படி 12 பெண்கள் டென்னிஸ் அணியில் இருந்தால் கல்லூரிக்கு வருவது 3,84,000 டாலர். பயிற்சியாளர் சம்பளம், பஸ் வாடகை, பந்து, சீருடை, காப்பீடு எல்லாம் சேர்த்து 90,000 டாலர் ஆகிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். காகிதத்தில் பெரிய லாபம். இங்கேதான் பல நிர்வாகக் குழுக்கள் தவறிவிடுகின்றன. அந்தப் பன்னிரண்டு பேரில் டென்னிஸ் இல்லாவிட்டாலும் அதே கல்லூரிக்கு வந்திருப்பவர்கள் எத்தனை பேர்? நான்கு பேர் என்றால் அணி கொண்டுவந்த பணம் 2,56,000தான். அந்த எட்டுப் பேருக்கும் அறை வேண்டும், சாப்பாடு வேண்டும். முதலாண்டு முடிந்ததும் மூன்று பேர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் மறுபடியும் ஆள் தேட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது அந்த 28,000. இன்னும் எட்டுப் பேரைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அதை 36,000 ஆக உயர்த்தினால், அணி நிரம்பும், கஜானா காலியாகும்.

அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தரும் சராசரித் தள்ளுபடி, அறிவித்த கல்விக் கட்டணத்தில் பாதிக்கும் மேல். ஆகவே 28,000 என்பது உங்கள் மகளுக்கு மட்டும் கிடைத்த தனிச் சலுகை என்று நினைக்காதீர்கள். பக்கத்து அறையில் தங்கப்போகும், ராக்கெட்டையே தொடாத மாணவிக்கும் கிட்டத்தட்ட அதே தொகை கிடைத்திருக்கும். கிடைத்திருக்கவும் வேண்டும்: மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு வீரர்களுக்கு மற்ற மாணவர்களை விட அதிக நிதியுதவி போகிறதா என்பதை என்சிஏஏ கண்காணிக்கிறது. பயிற்சியாளருக்கு அந்தத் தொகையை முடிவு செய்யும் அதிகாரமும் இல்லை. அவர் வாய்மொழியாகச் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நிதியுதவி அலுவலகத்தின் கடிதம் கையில் வந்த பிறகுதான் அது பணம்.

இதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. உதவி டென்னிஸுக்காகத் தரப்படவில்லை என்பதால், இரண்டாம் ஆண்டில் முழங்கால் வலித்தோ படிப்புச் சுமை தாங்காமலோ அவள் அணியை விட்டு விலகினால், அந்தக் காரணத்துக்காக அதைப் பறிக்க முடியாது. விளையாட்டு உதவித்தொகையை நம்பிச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இந்த நிம்மதி எளிதில் கிடைப்பதில்லை.

24 அணிகள் பற்றிக் கேட்டீர்கள். ஆயிரத்துக்கும் மேல் மாணவர் உள்ள மூன்றாம் டிவிஷன் கல்லூரி ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு அணிகள் நடத்தினால் போதும். அதைப் போல் இரண்டு மடங்கு வைத்திருப்பது சேர்க்கைக்காகத்தான். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே நூறு ஆண்களைக் கொண்டுவரும். 1972ஆம் ஆண்டின் 'டைட்டில் ஒன்பது' சட்டப்படி பெண்களுக்கும் ஈடான வாய்ப்புத் தர வேண்டும் என்பதால் பெண்கள் அணிகளும் கூடும்.

இது பலித்த இடங்கள் உண்டு. மிச்சிகனில் உள்ள ஏட்ரியன் கல்லூரி 2005இல் ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்களோடு தடுமாறிக்கொண்டிருந்தது. புதிய தலைவர் வந்து, அணிகளைக் கூட்டி, ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் சேர்க்கை இலக்கு வைத்தார். சில ஆண்டுகளில் மாணவர் தொகை பெரிதும் உயர்ந்தது. நேர்மாறான முடிவும் நடந்திருக்கிறது. அட்லாண்டாவின் ஸ்பெல்மன் மகளிர் கல்லூரியில் சுமார் 2,100 மாணவிகளில் 80 பேர் மட்டுமே அணிகளில் இருந்தார்கள். அவர்களுக்காக ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் செலவானது. 2013இல் அணிகளைக் கலைத்து, அந்தப் பணத்தை எல்லா மாணவிகளின் உடல்நலத்துக்கும் திருப்பினார்கள். அவர்களுக்கு மாணவிகள் சேர்வதற்கு அணி தேவைப்படவில்லை. (செல்வமுள்ள கல்லூரிகள் விருப்பத்துக்காகவே அணி வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாநிலத்துக்குப் பக்கத்தில் ஹேவர்ஃபோர்டு கல்லூரி, அதிகாரபூர்வக் கல்லூரி அணியாக இயங்கும் அமெரிக்காவின் ஒரே கிரிக்கெட் அணியை நடத்துகிறது. ஒரு முறை போய்ப் பாருங்கள், மனம் நிறையும்.)

என்னை இன்னும் வருத்துவது அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி. 1856இல் தொடங்கியது. 2006இல் முதல் டிவிஷனிலிருந்து மூன்றாவதுக்கு இறங்க முடிவு செய்தது. விளையாட்டு உதவித்தொகைச் செலவு போகும், அமெரிக்கக் கால்பந்து போன்ற புதிய அணிகள் கட்டணம் செலுத்தும் மாணவர்களைக் கொண்டுவரும் என்பதே திட்டம். திட்டத்தில் பிழை இல்லை. ஆனால் கல்லூரி கட்டடங்களுக்காகக் கடன் வாங்கியிருந்தது, நன்கொடைகளைச் சேர்த்து முதலீடு செய்து வைத்திருக்கும் அறக்கட்டளை நிதியிலும் கைவைத்தது. 2010இல் நிதியுதவிக் கணக்கிலேயே பெரிய பிழை நடந்திருப்பது தெரிந்தது. அதிலிருந்து அது மீளவே இல்லை. 2023 இலையுதிர்காலத்தில் 731 மாணவர்கள்தான். மாநில அரசிடம் கேட்ட 3 கோடி டாலர் கடன் கிடைக்கவில்லை. 2024 மார்ச் 26 அன்று மூடுவதாக அறிவித்தார்கள். மே 31 அன்று கல்லூரி மூடப்பட்டபோது அதன் பேஸ்பால் அணி ஒஹையோ மாநிலத்தின் ஈஸ்ட்லேக் நகரில் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இல்லாத கல்லூரியின் பெயரைச் சட்டையில் தாங்கி அந்தப் பிள்ளைகள் ஜூன் 2 வரை ஆடினார்கள். அணி நன்றாக ஆடுவதற்கும் கல்லூரியின் கணக்கு நன்றாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

ஆகவே மைதானத்தைப் பார்த்தது போதும், கணக்கைப் பாருங்கள். கூட்டாட்சி மாணவர் உதவி பெறும், அணிகள் நடத்தும் ஒவ்வொரு இருபாலர் கல்லூரியும் அணிவாரியாக வரவு செலவை ஆண்டுதோறும் அமெரிக்கக் கல்வித் துறைக்குத் தர வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கல்வித் துறையின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: சிறு கல்லூரிகளின் பக்கத்தில் வரவும் செலவும் பெரும்பாலும் டாலர் பிசகாமல் சமமாக இருக்கும். அதைப் பார்த்து மகிழ வேண்டாம். பற்றாக்குறைக்குக் கல்லூரி தன் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பதையும் 'வரவு' என்று எழுதலாம் என்பதுதான் காரணம். அந்தப் பக்கத்தில் உங்களுக்குப் பயன்படுவது விளையாடும் மாணவர்களின் எண்ணிக்கை. 1,100 பேரில் 550 பேர் அணிகளில் இருந்தால், கல்லூரி ஒற்றைத் தூணில் நிற்கிறது என்று பொருள்.

அடுத்து, இலாப நோக்கமற்ற நிறுவனங்கள் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் படிவம் 990. முதல் பக்கத்தில் 19ஆம் வரி, வரவில் செலவு போக மீதி. 22ஆம் வரி, நிகரச் சொத்து. மூன்று ஆண்டுப் படிவங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு நஷ்டம் பெரிதல்ல. மூன்று ஆண்டும் நஷ்டம், நிகரச் சொத்தும் தேய்கிறது என்றால் நான் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன். சமயச் சார்புள்ள சில கல்லூரிகள் இந்தப் படிவம் தருவதில்லை. அவர்களிடம் தணிக்கை செய்த நிதி அறிக்கையைக் கேளுங்கள். அறக்கட்டளை நிதி எவ்வளவு என்று பெருமையாகச் சொன்னால், அதில் நன்கொடையாளர் நிபந்தனை இல்லாத பகுதி எவ்வளவு என்றும் கேளுங்கள். நிபந்தனை உள்ள பணத்தில் சம்பளம் கொடுக்க முடியாது.

கல்வித் துறை தனியார் கல்லூரிகளின் நிதி நிலைக்கு மதிப்பெண்ணும் போடுகிறது: மைனஸ் 1 முதல் 3 வரை. 1.5க்கு மேல் இருந்தால் சரி, 1க்குக் கீழே போனால் ஆபத்து. பென்சில்வேனியா என்பதால் மிடில் ஸ்டேட்ஸ் அங்கீகார ஆணையத்தின் தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடி, எச்சரிக்கை எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து நிமிட வேலை.

உங்கள் வீட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. உதவித்தொகை நான்கு ஆண்டும் 28,000 என்றே நிற்கும், செலவு நிற்காது. ஆண்டுக்கு 4 சதவீதம் கூடினால் நான்காம் ஆண்டில் 60,000 என்பது ஏறத்தாழ 67,500 ஆகும். நான்கு ஆண்டும் சேர்த்து நீங்கள் கட்டுவது 1,28,000 அல்ல, சுமார் 1,42,800. உதவி தொடர எவ்வளவு மதிப்பெண் சராசரி வேண்டும் என்பதையும் கடிதத்தில் பாருங்கள்.

பயிற்சியாளர் அடுத்த முறை அழைக்கும்போது மகளே பேசட்டும். கல்லூரி டென்னிஸ் போட்டியில் ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர் ஆட்டங்கள்தான். அணியில் 18 பேர் இருந்தால் பல பேர் பெரும்பாலான நாள் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அணியில் மொத்தம் எத்தனை பேர், மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களில் இன்று எத்தனை பேர் அணியிலும் கல்லூரியிலும் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கட்டும். நல்ல பயிற்சியாளர் எண்ணைச் சொல்லிவிடுவார்.

கணக்கெல்லாம் தேறினால், முன்பணம் கட்டும் முன்பே நிதியுதவி அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதுங்கள். வேறு கல்லூரி கொடுத்த கடிதம் இருந்தால் இணைத்து, நான்காம் ஆண்டுக் கணக்கையும் காட்டி, தொகையை உயர்த்த முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். முன்பணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. அதைக் கட்டிய பிறகு கேட்டால் கொடுக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது. ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் அனுப்பிவிட்டால் பதில் வர நேரம் இருக்கும்.