பழைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கர ஹப்பையும் பிரேக்கையும் கழற்றிவிட்டேன். திரும்ப மாட்டும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு மாட்டிய பிறகு பிரேக் முன்பைவிட மோசமாகப் பிடிக்கிறது என்று புலம்புபவர்கள் நிறைய. பெரும்பாலும் பாகங்களில் குறை இருக்காது, மாட்டிய வரிசையில்தான் இருக்கும். உங்களுடையது ஒரு கேம், இரண்டு ஷூ உள்ள வழக்கமான டிரம் பிரேக் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதாவது, பெடலை மிதித்தால் கேம் திரும்பி, லைனிங் ஒட்டிய இரண்டு ஷூக்களையும் விரித்து, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்சுவரில் அழுத்தும்.

முதலில் டிரம்முக்குள் இருக்கும் தூசி. பழைய ஷூக்களின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வாயாலோ காற்றடித்தோ ஊதவே ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டித் தூக்கி எறிந்துவிடுங்கள்.

அடுத்தது பேரிங். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இரண்டு பேரிங், நடுவில் ஒரு ஸ்பேசர் குழாய். அந்தக் குழாயை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, ஆனால் ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) நட்டை முறுக்கும்போது வரும் அழுத்தம் முழுவதும் அதன் வழியாகத்தான் ஒரு பேரிங்கின் உள்வளையத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது. குழாயை மறந்துவிட்டால், அல்லது முனை தேய்ந்து குட்டையாகிவிட்டிருந்தால், நட்டை இறுக்க இறுக்க உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி இழுபடும். சக்கரம் இறுகும், பேரிங் சீக்கிரமே சத்தம் போடத் தொடங்கும்.

ஹப்பில் சர்க்ளிப்போ (பேரிங்கை நகரவிடாமல் பிடிக்கும் வளையம்) விளிம்போ இருக்கும் பக்கத்து பேரிங்கை முதலில் அடி வரை இறக்குங்கள். அலுமினிய ஹப் என்றால் தண்ணீர்த் துளி சுரீரென்று ஆவியாகும் அளவுக்குச் சூடாக்கினால் வேலை சுலபம். அடிப்பது வெளிவளையத்தில் மட்டும். அதே அளவுள்ள பழைய பேரிங்கை மேலே வைத்துத் தட்டலாம். பேரிங் அடியைத் தொட்டதும் மந்தமாக இருந்த சத்தம் கணீரென்று மாறும், அங்கே நிறுத்துங்கள். பிறகு குழாய், அதன்பின் இரண்டாவது பேரிங். இதை மட்டும் கடைசியில் மெதுவாகத் தட்டி, உள்வளையம் குழாயைத் தொட்டதும் விட்டுவிட வேண்டும். விரலை விட்டு உள்வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தால் அதிகமாக இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பக்கம் அதிர்வு தாங்கும் ரப்பர்கள் இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிச் செருகுங்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போகும்.

இனி ஷூக்களையும் கேமையும் தாங்கும் பிரேக் பிளேட். கேம் தண்டு பிளேட்டின் துளையில் இறுக்கமின்றித் திரும்ப வேண்டும். துருவைத் துடைத்து, உயர் வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தண்டிலும், கேம் ஷூவைத் தொடும் முகத்திலும், எதிர்முனையில் ஷூ சாயும் பின்னிலும் (பிளேட்டில் அசையாமல் நிற்கும் குட்டைக் கம்பி) பூசினால் போதும். அதிகம் பூசினால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கும், அப்புறம் அந்த ஷூவை மறந்துவிட வேண்டியதுதான்.

ஷூக்களை பிளேட்டில் வைத்த பிறகு ஸ்பிரிங்கை ஸ்க்ரூடிரைவரால் இழுத்து மாட்டுவது கையைக் கிழித்துக்கொள்ளும் வழி. மேசையிலேயே இரண்டு ஸ்பிரிங்கையும் மாட்டி, இரண்டு ஷூக்களையும் பாதி திறந்த புத்தகம் போல மடித்துப் பிடியுங்கள். ஒரு முனையைப் பின்னிலும் மறுமுனையைக் கேமிலும் வைத்து, வெளி ஓரங்களை உள்ளங்கையால் கீழே அமுக்கினால் டப்பென்று உட்கார்ந்துவிடும். லைனிங்கில் காகிதத்தைச் சுற்றிக்கொண்டால் கைப்பிசுக்கு ஒட்டாது. பழைய ஷூக்களையே போடுவதாக இருந்தால் இடம் மாற்றாதீர்கள். டிரம்மின் சுழற்சி கேம் இருக்கும் முனையிலிருந்து அந்தக் கம்பிப் பின் இருக்கும் முனைக்கு ஓடும் பக்கத்து ஷூதான் அதிகம் பிடிக்கும், அதிகம் தேயும்.

கேம் லிவரைக் கேம் தண்டின் பல்வரிசையில் எந்தக் கோணத்தில் மாட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். பிரேக் முழுதாகப் பிடிக்கும் நேரத்தில் லிவருக்கும் அதைப் பெடலோடு இணைக்கும் ராடுக்கும் இடையே கிட்டத்தட்ட 90 டிகிரி இருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பலன் குறையும்.

சக்கரத்தை ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கவை) ஏற்றும்போது இருபக்க வெளி ஸ்பேசர்களும் ஒரே அளவு என்று நம்பாதீர்கள். பல வண்டிகளில் நீளம் வேறு வேறு. பிறகு டார்க் ஆர்ம், அதாவது பிரேக் பிளேட்டைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும் பட்டை. அதை மாட்ட மறந்தால் முதல் பிரேக்கிலேயே பிளேட் சுழன்று, ராடை முறுக்கி, சக்கரத்தையே பூட்டிவிடும். இந்த வேலையில் உயிரோடு விளையாடும் இடம் இதுதான். நட்டுக்கு, அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் புதிதாகப் போடுங்கள்.

செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லிங்கின் கிளிப்பில், மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செயினின் தளர்வை மேனுவல் சொல்லும் அளவுக்கு, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் பார்த்து வையுங்கள். ஸ்விங்ஆர்மில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்பாமல், இரண்டு சக்கரங்களையும் ஒட்டி ஒரு நூல் பிடித்துப் பாருங்கள்.

பலர் தாண்டிப் போகும் படி இதுதான்: ஆக்சில் நட்டும் டார்க் ஆர்ம் நட்டும் தளர்வாக இருக்கும்போதே, பிரேக் பெடலை அழுத்தமாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், ஆள் இல்லையென்றால் கயிற்றால் கட்டுங்கள். ஷூக்கள் டிரம்மில் அழுந்தி, பிளேட் தன் நடுவிடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அப்படியே முதலில் ஆக்சிலையும் பிறகு டார்க் ஆர்மையும் இறுக்குங்கள். பஞ்சு போல அமுங்கும் பெடல் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

பிரேக் ராடை அட்ஜஸ்ட் செய்வது செயினுக்குப் பிறகுதான். செயினை இறுக்கினால் சக்கரம் பின்னால் போகும், ராடு லிவரை இழுக்கும், பிரேக் தானாக இறுகும். ராடை வைத்த பிறகு பிரேக் லைட் சுவிட்ச்.

முதல் ஓட்டம் மெதுவாக, வண்டி குறைவான இடத்தில் இருக்கட்டும். கொஞ்ச தூரம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, ஹப் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடித்தால் ஷூ உரசுகிறது, ராட் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். புது லைனிங் டிரம்மில் முழுதாகப் பதியும் வரை பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும், அதற்குள் நட்டை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள்.