பகல் முழுக்க போன்தான், இதில் மேலாண்மை எங்கே?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மெஷின்) அடிக்கச் சேர்ந்து, செக்கிங், லைன் சூப்பர்வைசர் என்று வந்து, இப்போது புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். தொலைதூரக் கல்வியில் எம்.பி.ஏ. படிக்கிறேன். மேலாளருக்குத் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்தல், இயக்குவித்தல், கட்டுப்படுத்துதல் என்று ஐந்து பணிகள் என்கிறது புத்தகம். நானோ நூல் தீர்ந்துபோச்சு, லேபிள் வரலை, ஆள் லீவு என்று காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறேன். உட்கார்ந்து திட்டமிட நேரமே கிடைப்பதில்லை. பாடத்தில் வரும் மேலாண்மை அறிஞர்கள் டெய்லர், ஃபேயோல், மேயோ இவர்களில் யாருடைய கோட்பாடு எனக்கு உதவும்?

பதில்: முதலில் ஒன்று. உங்கள் நாள் துண்டு துண்டாகப் போவதால் நீங்கள் மேலாளர் வேலையே செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். கனடாவைச் சேர்ந்த மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், ஐந்து நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்தார். 1973-இல் அது புத்தகமாக வந்தது. அவர்கள் கையில் எடுத்த காரியங்களில் பாதி, ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்தவை. பெரிய முதலாளிகளின் கதையே அப்படித்தான்.

அந்த ஐந்து பணிகளும் மணி அடித்து மாறும் பள்ளிக்கூட பீரியட் இல்லை. நூல் தீர்ந்தது என்று போன் வருகிறது. கடைக்கு ஆள் அனுப்பினால் அந்தப் பிரச்சினை தீரும், அவ்வளவுதான். தீரப்போவது ஏன் நேற்றே தெரியவில்லை என்று ஸ்டோரில் கேட்டால் அது கட்டுப்படுத்துதல். அடுத்த ஆர்டரில் கட்டிங் ஆரம்பிக்கும் முன்பே நூல், லேபிள், எலாஸ்டிக் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வைத்தால் அது திட்டமிடல். நீங்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறீர்கள் என்றுதான் உங்கள் கடிதம் சொல்கிறது.

ஏன் நிற்கிறீர்கள்? எல்லா போனும் உங்களுக்கே வருவதால். இதற்குத்தான் ஃபேயோல்.

ஹென்றி ஃபேயோல் புத்தகத்தில் பிறந்த ஆள் இல்லை, சுரங்கப் பொறியாளர். 1860-இல், 19 வயதில், பிரான்சின் கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருடம் சுரங்கத்தில் வேலை செய்த ஒரு குதிரையின் கால் முறிந்துவிட்டது. மாற்றுக் குதிரை கேட்டு ஃபேயோல் சீட்டு எழுதி அனுப்பினார். லாயத்துக்காரர் தர மறுத்தார், மேலாளர் கையெழுத்து இல்லையாம். மேலாளர் ஊரில் இல்லை, அவருக்குப் பதிலாக யாரையும் வைத்துவிட்டும் போகவில்லை. குதிரைக்குப் பதில் லேபிள் ரோல் என்று வைத்துப் பாருங்கள், உங்கள் கம்பெனிதான். அதிகாரம் ஒருபோதும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்று அந்த வயதிலேயே குறித்துவைத்தவர், 1888-இல் திவாலாகும் நிலையில் இருந்த அதே நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று நிமிர்த்தினார். 1918 வரை நடத்தினார். ஐந்து பணிகளையும் 14 கொள்கைகளையும் எழுதி வெளியிட்டது 1916-இல்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு வாரம், வரும் ஒவ்வொரு போனையும் பாக்கெட் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: யார், எதற்கு, நான் இல்லாவிட்டால் யார் முடிவெடுத்திருக்கலாம். வாரக் கடைசியில் பார்த்தால் பெரும்பாலும் ஒரே நாலைந்து விஷயங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். அவற்றைப் பிரித்துக் கொடுங்கள். ஒரு தொகை வரை நூல், ஊசி வாங்க ஸ்டோர்காரர் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. லைனுக்குள் ஆளை மாற்றி உட்கார வைப்பது சூப்பர்வைசர் பாடு. ஒரே குறை தொடர்ந்து வந்தால் மெஷினை நிறுத்தச் சொல்லும் உரிமை செக்கிங்குக்கு. ஷிப்மென்ட் தேதி, துணியின் ஷேட் (நிறச் சாயல்) மாறுவது, வெட்டிய துணி வீணாவது, இவை மட்டும் உங்களிடம் வரட்டும். நீங்கள் லீவு போட்டால் யார் என்பதையும் பெயர் சொல்லி அறிவித்துவிடுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் முதலாளியிடம் ஒப்புதல் வாங்கி ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் முதல் தப்பு நடந்த அன்றே எல்லாரும் பழையபடி உங்களுக்கு போன் போடுவார்கள்.

ஃபேயோல் ஒரு கணக்கும் போட்டார். பெரிய தொழிற்சாலையில் தொழிலாளிக்கு வேண்டிய திறமையில் தொழில்நுட்பம் 85 சதவீதம், நிர்வாகம் 5. ஃபோர்மேனுக்கு 60, 15. மேலாளருக்கு 15, 40. இது அளந்து எடுத்த எண் இல்லை, அனுபவத்தில் சொன்ன மதிப்பீடு. ஆனாலும் உங்களைப் போல மெஷினிலிருந்து மேலே வந்தவர்கள் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஓவர்லாக்கில் ஆள் வராத அன்று நீங்களே போய் உட்கார்ந்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். கை பரபரக்கும், வேலையும் நன்றாகவே வரும். அந்த இரண்டு மணி நேரம் மேலாளர் நாற்காலி காலி.

இன்னொன்று, முதலாளி நேராக லைனுக்கு வந்து "அதை விட்டுட்டு இதைப் போடு" என்று சொல்லும் பழக்கம். ஒருவருக்கு ஒரே மேலதிகாரி என்ற ஃபேயோலின் கொள்கை உடைவது இங்கேதான். ஆட்கள் முன்னால் மறுத்துப் பேச வேண்டாம். சாயங்காலம் தனியாக, நடுவில் மாற்றியதால் அன்றைக்கு எத்தனை பீஸ் குறைந்தது என்ற கணக்கோடு போங்கள். கொள்கையைச் சொன்னால் கேட்க மாட்டார், பீஸ் கணக்கைக் கேட்பார்.

வேலையை வாட்ச் வைத்து அளந்த அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் எங்கே உதவுவார்? லைன் எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்க. மணிக்கு 60 டி-ஷர்ட் வர வேண்டும், கழுத்து ரிப் வைக்கும் ஆளுக்கு ஒரு பீஸுக்கு 75 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 48-க்கு மேல் வராது, மற்றவர்களை எவ்வளவு விரட்டினாலும். இதை வாட்ச் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசையில்) பீஸ் ரேட்டுக்கு, அதாவது பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, அடிப்பவர்கள் வாட்சைப் பார்த்ததும் ரேட்டைக் குறைக்கப் போகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். அது வீண் பயமும் இல்லை. டெய்லர் பெருமையாகச் சொன்ன, அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பாலைக் கதையில் ஒரு ஆள் நாளில் ஏற்றிய இரும்பு 12.5 டன்னிலிருந்து 47.5 டன் ஆனது, கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர்தான் ஆனது. ரேட்டை வெட்டுவார்கள் என்ற பயத்தில்தான் தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார்கள் என்று எழுதியவரும் அவரேதான். அதனால் ரேட் குறையாது என்ற உறுதியை முதலாளியிடம் வாங்கி, ஆட்களிடம் சொல்லிவிட்டு, அப்புறம் வாட்சை எடுங்கள்.

தொழிலாளர்களின் மனநிலைக்கு முக்கியத்துவம் தந்த எல்டன் மேயோ விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும், சிகாகோ பக்கத்து ஹாத்தார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளை, ஆட்களை அக்கறையோடு கவனித்தாலே உற்பத்தி கூடும் என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ரிலே (டெலிபோனுக்கான ஒரு வகை சுவிட்ச்) பூட்டும் அறையில் இருந்த ஐந்து பெண்களுக்குக் கூலி முறையும் மாற்றப்பட்டது. சரியாக ஒத்துழைக்கவில்லை என்று இருவரை நடுவில் மாற்றவும் செய்தார்கள். அக்கறை வேண்டும்தான், சனிக்கிழமை சம்பளத்துக்குப் பதிலாக அதைக் கொடுக்க முடியாது.

பரீட்சைக்கு ஒரு குறிப்பு. ஃபேயோலின் ஐந்தில் பணியமர்த்தல் கிடையாது. அவர் சொன்னவை திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டளையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல். நீங்கள் எழுதியிருக்கும் பட்டியல் பின்னால் வந்த பாடநூல்களுடையது. கேள்வியில் ஃபேயோல் பெயர் இருந்தால் அவருடையதையே எழுதுங்கள்.