பதில்: காலை 7க்குக் கரை, மாலை 7க்குக் கப்பல், ரோமில் எதைப் பார்ப்பது?

கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம், ட்ரெவி நீரூற்று மூன்றையும், சுற்றுலாக் கப்பல் கரையில் நிற்கும் ஒரே நாளில், அதுவும் முட்டி வலியுள்ள அம்மாவுடன் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அருங்காட்சியகத்தை விட்டுவிடுங்கள். அரை நாளை அதுவே விழுங்கிவிடும்.

கப்பல் நிற்பது ரோமில் இல்லை, சுமார் 80 கி.மீ. தள்ளி சிவிடாவெக்கியாவில். அங்கிருந்து ரயில் உண்டு. காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அபராதம். ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினி வரை போக வேண்டாம். ஒஸ்டியென்ஸேயில் இறங்கினால் பக்கத்திலேயே பிராமிடே மெட்ரோ, இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். படியேறி வெளியே வந்ததும் எதிரே நிற்கும். அம்மா முகத்தைப் பாருங்கள். நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுங்கள். அதில் பெயர் இருக்கும், அடையாள அட்டை அவசியம்.

அப்புறம் ட்ரெவிக்கு டாக்சி. பழைய தெருக்களில் பாவியிருக்கும் கருங்கல் மேடும் பள்ளமுமாக இருக்கும், முட்டி வலிக்கு அது ஆகாது.

தெம்பு மிச்சமிருந்தால் புனித பேதுரு பேராலயம். அனுமதி இலவசம், ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். திரும்பும் ரயிலை அருகிலுள்ள சான் பியெத்ரோ நிலையத்திலேயே பிடிக்கலாம்.

7 மணி என்பது கப்பல் கிளம்பும் நேரமா, ஏறவேண்டிய கடைசி நேரமா? பெரும்பாலும் இரண்டும் வேறு. கப்பல்காரர்களின் சுற்றுலாவில் சேராமல் தாங்களாகவே போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. நானாக இருந்தால் 3:30க்கே ரயிலில் இருப்பேன்.