புகார் கொடுத்த அன்று மாலை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். சென்ற மாதம் மாலை பஸ்ஸில் இரண்டு தெருக்களின் பையன்களுக்குள் கைகலப்பு. சீட்டுப் பிடிப்பதில் தொடங்கி, கையில் கட்டியிருந்த சாதிக் கயிற்றில் போய் நின்றது. போலீஸ் வந்தது. மறுநாள் தலைமை ஆசிரியர் எல்லாரையும் நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைத்தார். “இது ஊரிலிருந்து வருகிறது, நான் என்ன செய்ய?” என்கிறார் அவர். ஊரில் கேட்டால், “பள்ளிக்கூடத்தில் கண்டித்தால் இப்படி ஆகுமா?” என்கிறார்கள். பள்ளியும் ஊரும் சேர்ந்து உண்மையில் என்ன செய்ய முடியும்? மகனைத் திருநெல்வேலியில் என் அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

தலைமை ஆசிரியர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஊர் சொல்வதிலும் இருக்கிறது. ஆளுக்குப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கையைக் கழுவிவிடுகிறார்கள். நடுவில் அகப்பட்டுக்கொள்வது பிள்ளைகள்.

நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பட்டியல் சமூகத்து மாணவன் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. பள்ளியிலிருந்து விசாரித்தார்கள். உடன் படிக்கும் சிலர் தன்னைத் துன்புறுத்துவதை அவன் சொன்னான். புகாரும் எழுதப்பட்டது. 2023 ஆகஸ்டு 9 இரவு அந்த மாணவர்கள் நாங்குநேரியில் இருந்த அவன் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

எல்லாரும் அரிவாளைப் பற்றிப் பேசினார்கள். என்னை உறுத்துவது அந்தப் புகாருக்கும் அந்த இரவுக்கும் இடைப்பட்ட நேரம். பள்ளி கேட்டது, பையன் வாயைத் திறந்தான், எழுத்தில் பதிவாயிற்று. விதிப்படி நடக்க வேண்டிய அனைத்தும் நடந்தன. அந்த வீட்டைக் காக்க அது போதவில்லை. புகார் கொடுப்பதுவரை பள்ளியின் வேலை என்றால், கொடுத்த பிறகு அன்று மாலை அந்தப் பிள்ளையோடு யார் இருப்பது என்பது ஊரின் வேலை. இதற்கு ஓர் ஏற்பாடு செய்யாமல் ‘தைரியமாகப் புகார் கொடு’ என்று பிள்ளைகளிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கம், ஆசிரியர்களுக்கு இடமாறுதல், பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் என்று பல பரிந்துரைகள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பள்ளி வாசலில் அவிழ்க்கும் கயிறு சட்டைப் பைக்குள் போகிறது, பஸ்ஸில் ஏறியதும் மறுபடி கைக்கு வந்துவிடுகிறது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனை வெட்டியதும் தேர்வெழுதப் போன பஸ்ஸை வழிமறித்துத்தான், விரல்கள் துண்டாயின. பஸ்ஸை வைத்து நம் பக்கத்தில் சிந்திய ரத்தம் கொஞ்சமா? சாதி மோதல் மூண்டதால், போக்குவரத்துக் கழகங்களுக்குச் சூட்டிய தலைவர்களின் பெயர்களையே 1997-இல் அரசு எடுக்க வேண்டி வந்தது.

உங்கள் கையில் இருக்கும் கருவி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-இல் மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள். கோயில் கொடை விழாவுக்கு வரி தனித்தனி, கல்யாண மண்டபம் தனித்தனி, சுடுகாடு தனித்தனி என்று இருக்கும் ஊரில் இரண்டு தெருக்காரர்களும் சட்டப்படி ஒரே அறையில் உட்காரும் இடம் வேறு எது? கழிப்பறைக் கதவு, சத்துணவு என்று பேசிவிட்டுக் கலைந்துபோவதற்கு மட்டும் அதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். சாதிச் சண்டை, மிரட்டல் பற்றி எந்தப் பிள்ளை வாய் திறந்தாலும், அன்று இருட்டுவதற்குள் இரண்டு வீடுகளுக்கும் பெரியவர்கள் போக வேண்டும். மிரட்டப்பட்டவன் வீட்டில் அவர்கள் நம்பும் ஆட்கள் இருக்க வேண்டும்; காவல் நிலையத்துக்கும் அப்போதே தகவல் போக வேண்டும். மிரட்டியவன் வீட்டுக்குப் போகிறவர்கள் அவன் தெருவையே சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆசிரியர் கண்டித்தால் அந்தப் பையனுக்கு அது அவமானம்; எதிர்த் தெருக்காரர் கண்டித்தால் அது சண்டைக்கு அழைப்பு. கொடைக்கு வரி பிரிக்கும் சொந்தப் பெரியப்பா வந்து, “உன்னால் நம் தெருவுக்குத் தலைக்குனிவு” என்று சொன்னால் அதன் எடை வேறு. இன்று அந்தப் பெரியப்பா டீக்கடையில் உட்கார்ந்து ‘நம் பையன் துணிச்சல்காரன்’ என்று சிரிக்கிறார். பையனின் கையில் அரிவாள் வருவதற்கு முன்பு அவன் காதில் விழுந்தது அந்தச் சிரிப்பு. இதை மாற்றாமல் எத்தனை கேமரா வைத்தும் பயனில்லை.

ஒன்றில் கவனமாக இருங்கள். ஊர்ப் பெரியவர்கள் தலையிடுவது என்றதும் பஞ்சாயத்துப் பேசி வழக்கை மூடுவது என்று இதைத் திருப்பிவிடப் பார்ப்பார்கள். அடிபட்டவனைக் கூப்பிட்டுக் கைகுலுக்க வைப்பது இன்னோர் அடி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வர வேண்டியிருந்தால் வரட்டும். குழுவின் வேலை அடுத்த வெட்டு விழாமல் பார்ப்பது.

முதல் அறிகுறி பெரும்பாலும் வருகைப் பதிவேட்டில்தான் தெரியும். நன்றாக வந்துகொண்டிருந்த பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் பாடம் சொல்லித்தந்த பெண்களுக்கு உங்கள் ஊரின் ஒவ்வொரு வாசலும் தெரியும்; அவர்களைக் கேளுங்கள். தூங்காமல், சாப்பிடாமல், பஸ் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் பேச வைக்க வேண்டும். உதவிக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது, குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது, மனநல ஆலோசனைக்கு 14416 இருக்கிறது.

வெட்டிய பையனையும் மறக்காதீர்கள். சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து அவன் ஒருநாள் ஊருக்குத் திரும்புவான். வாழ்த்திப் பாட்டுப் போட்டு வரவேற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றுதான் அன்று அவனை எதிர்கொள்ளும் என்றால் அவன் வாழ்நாள் முழுக்க அவர்களுடைய ஆள். படிப்பைத் தொடர வழி செய்ய வேண்டும். அடிபட்டவன் முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்காமல், வேறு பள்ளியில்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் அவனிடமே கேளுங்கள். பயமாக இருக்கிறது என்றால் உங்கள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நம் கொள்கைக்காகப் பிள்ளையை முன்னால் நிறுத்தக் கூடாது. ஆனால் அவன் பள்ளி மாறினால் பெற்றோர் என்ற முறையில் குழுவில் உங்களுக்கு இருக்கும் இடமும் போய்விடும். ஆகவே எந்த முடிவு எடுத்தாலும் தீர்மானத்தை இந்தக் கூட்டத்திலேயே வைத்துவிடுங்கள். எதிர்த் தெருவிலிருந்து குழுவில் இருக்கும் ஒரு தாயிடம் முன்கூட்டியே பேசி, அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். யார் ஒப்புக்கொண்டார்கள், யார் தட்டிக்கழித்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.