‘பொம்மைக் குழு’ என்று திட்டுகிறவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

மேற்கத்திய பாப் உலகில் புதிதாக வந்து வாய்த்துடுக்காகப் பேசும் பாடகிகளைப் பற்றியும், அவர்களிடம் திட்டு வாங்கும் ‘கம்பெனிக் குழுக்கள்’ (கம்பெனியே ஆள் பொறுக்கிச் சேர்த்த குழுக்கள்) பற்றியும் வந்த கேள்விகள் இவை.

கே: புதுப் பாடகிகள் முதல் பேட்டியிலேயே “அவர்களெல்லாம் கம்பெனி செய்த பொம்மைகள், நான் அப்படியில்லை” என்கிறார்களே! நிஜக் கோபமா, விளம்பரமா?

ப: கோபம் நிஜமாகவே இருக்கலாம். அதற்கு மைக் பிடித்துக் கொடுப்பது யார் என்பதையும் பாருங்கள். 2002-இல் ஆவ்ரில் லவீன் வந்தபோது, கழுத்தில் டையும் தளர்ந்த பேண்ட்டுமாக, பிரிட்னி ஸ்பியர்ஸுக்கு நேர் எதிரானவர் என்றே முன்னிறுத்தப்பட்டார். அவரைத் தூக்கி நிறுத்திய ‘காம்ப்ளிகேட்டட்’ பாட்டை அவரோடு சேர்ந்து எழுதியது ‘த மேட்ரிக்ஸ்’ என்ற மூவர் அணி. யார் பங்கு எவ்வளவு என்பதில் பின்னாளில் இரு தரப்பும் வெவ்வேறு கணக்குச் சொன்னார்கள்.

லில்லி ஆலன் 2006-இல் சக நட்சத்திரங்களைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெளுத்துக்கட்டினார். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் தானாக முளைத்தவர் என்பது அவரைப் பற்றிய கதை. மைஸ்பேஸில் கணக்குத் தொடங்கும் முன்பே, 2005-இல், இ.எம்.ஐ. குழுமத்தின் ரீகல் லேபிளில் (பாட்டை வெளியிடும் கம்பெனி) அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். 2013-இல் ‘ராயல்ஸ்’ பாட்டில் பாப் உலகின் படாடோபத்தைக் கிண்டலடித்த நியூசிலாந்துப் பாடகி லார்டை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே யூனிவர்சல் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துவிட்டது. பாட்டு எழுத ஜோயல் லிட்டிலோடு ஜோடி சேர்த்துவிட்டதும் அந்த ஏற்பாட்டின் வழியேதான்.

இவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்ல வரவில்லை. மூவருக்கும் நிறையவே உண்டு. ‘எனக்குப் பின்னால் கம்பெனி இல்லை’ என்ற தொனியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம்.

பிரிட்டனில் 2009 கிறிஸ்துமஸ் கூத்து இன்னும் வேடிக்கை. கிறிஸ்துமஸ் வாரத்தின் முதலிடத்தை நான்கு வருடமாக ‘எக்ஸ் ஃபேக்டர்’ டி.வி. போட்டியில் வென்றவர்களே வைத்திருந்தார்கள். சலித்துப்போன ரசிகர்கள் ஃபேஸ்புக்கில் சேர்ந்து, ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் பழைய பாட்டைக் காசு கொடுத்துத் தரவிறக்கினார்கள். அது 5 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த வருட வெற்றியாளர் ஜோ மெக்கெல்டெரி சுமார் 4.5 லட்சத்தோடு இரண்டாமிடம். புரட்சி வென்றது! தோற்றவர் இருந்த சைகோ, வென்றவர்கள் இருந்த எபிக், இரண்டு லேபிளுமே சோனியுடையவை.

கே: ஒரு குழுவை ‘செய்வது’ என்றால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்?

ப: பாடப்புத்தக உதாரணம் பிரிட்டனின் ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பெண்கள் குழு. 1994-இல் ‘த ஸ்டேஜ்’ இதழில் விளம்பரம். ஆடிஷனுக்கு வந்த நூற்றுக்கணக்கானவர்களில் ஐவர் தேறினார்கள். மேனேஜர்கள் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து ஐவரையும் ஒன்றாகத் தங்கவைத்துக் குரல், நடனப் பயிற்சி கொடுத்தார்கள். அடுத்து வெளியிலிருந்து வாங்கிய பாட்டுகளில் டெமோ என்ற மாதிரிப் பதிவு. அதன்பின் பாட்டெழுதுகிறவர்களையும் லேபிள்காரர்களையும் கூட்டி ஒரு மாதிரி நிகழ்ச்சி. பொதுவாக வரிசை இதுதான். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது குரல் மட்டும் பார்ப்பதில்லை. ஐவரும் ஒரே சாயலில் இருந்தால் ரசிகர் பிரித்தறிய மாட்டார் என்பதால் உயரம், பேச்சு, குணம் எல்லாம் கலந்து எடுப்பார்கள்.

மேனேஜர்கள் கோட்டைவிட்டது ஓரிடத்தில்தான். வீடு கொடுத்தார்கள், வாத்தியார் வைத்தார்கள், ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்து வாங்கவில்லை. மாதிரி நிகழ்ச்சியில் கிடைத்த கைத்தட்டலைக் கேட்ட ஐவருக்கும் தங்கள் விலை புரிந்துவிட்டது. 1995-இல் கிளம்பிப் போய் சைமன் ஃபுல்லர் என்ற மேனேஜரிடம் சேர்ந்தார்கள். 1997 நவம்பரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். அவர்களின் ‘வானபீ’ பாட்டில் எழுதியவர்களாக ஐவர் பெயரும், பாட்டுப் பதிவை உருவாக்கிய இரண்டு தயாரிப்பாளர்கள் பெயரும் இருக்கின்றன. விளம்பரம் கொடுத்துச் சேர்த்த குழுவிடம் இத்தனை முதுகெலும்பு இருந்தது என்பதைப் ‘பொம்மை’ என்கிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கே: டி.வி. போட்டிக் குழுக்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் காணாமல் போகின்றன?

ப: ரசிகருக்குப் பிடித்தது போட்டி, பாட்டு அதற்குப் பக்கவாத்தியம். பிரிட்டனில் டி.வி. போட்டியில் உருவான ஹியர்சே குழுவின் முதல் பாட்டு 2001 மார்ச்சில் ஒரே வாரத்தில் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. 2002 அக்டோபரில் குழுவே இல்லை. அதே வகைப் போட்டியில் 2002 இறுதியில் உருவான கேர்ள்ஸ் அலவுட் மட்டும் பத்தாண்டு தாக்குப்பிடித்தது. சீனோமேனியா என்ற பாடலாசிரியர்–தயாரிப்பாளர் கூட்டணி ஆல்பம் ஆல்பமாக அவர்களோடு நின்றதே அதற்குப் பெரிய காரணம். சீசன் முடிந்ததும் அடுத்த வெற்றியாளருக்கு நல்ல பாட்டைத் திருப்பிவிடும் இடத்தில் பழையவருக்கு மிச்சம்மீதிதான் கிடைக்கும்.

கே: கோடிக்கணக்கில் விற்ற குழுவினர் “எங்கள் கையில் காசில்லை” என்று வழக்குப் போடுகிறார்களே, எப்படி?

ப: ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஐந்து பேர் குழு. லேபிள் அட்வான்ஸாகவும் ரெக்கார்டிங், வீடியோ செலவாகவும் 5,00,000 பவுண்ட் இறக்குகிறது. குழுவுக்கு ராயல்டி, அதாவது வருமானத்தில் பங்கு, 18 சதவீதம். அதில் 3 சதவீதம் பாட்டின் தயாரிப்பாளருக்குப் போக, மிச்சம் 15. அந்த 5 லட்சமும் குழுவின் கணக்கில் கடனாக எழுதப்படும். கடன் கழிவது மொத்த வருமானத்திலிருந்து இல்லை, குழுவின் 15 சதவீதப் பங்கிலிருந்து மட்டும். ஆக, லேபிளுக்கு ஏறக்குறைய 33,33,000 பவுண்ட் வந்து சேரும்வரை குழுவுக்கு ராயல்டியாக ஒரு பென்னிகூட வராது. லேபிள் போட்ட முதலை எப்போதோ எடுத்து லாபம் பார்த்திருக்கும். புத்தகத்தில் குழு இன்னும் கடனாளி.

கடன் தீர்ந்த பிறகு? நூறு பவுண்ட் வந்தால் குழுவுக்கு 15. மேனேஜர் 20 சதவீதம் எடுத்தால் 12. ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 2 பவுண்ட் 40 பென்ஸ். வருமான வரி தனி. தனியாகப் பாடுகிறவருக்கு இதே கணக்கில் 12 பவுண்ட் கிடைக்கும். குழுவில் இருந்துகொண்டு தனிப் பாடகியின் ஆடம்பரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வகுத்தலை.

இதில் இன்னொரு கை நுழைந்தால் தீர்ந்தது. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸை உருவாக்கிய லூ பேர்ல்மேன் மேனேஜராக ஒரு பங்கு எடுத்ததோடு, ஐவர் குழுவில் ஆறாவது உறுப்பினராகவும் தன்னைச் சேர்த்துக்கொண்டு பங்கு எடுத்தார். 1998-இல் அவர்கள் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் என்சிங்க் குழுவும் அவரோடு நீதிமன்றத்தில் மோதியது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய வேறொரு பெரிய மோசடிக்காக 2008-இல் அவருக்கு 25 வருடச் சிறை விதிக்கப்பட்டது.

பாட்டு எழுதியதற்கான ராயல்டி இந்தக் கடன் கணக்கில் சேராது. இரண்டையும் ஒன்றாகக் கட்டும் விதி ஒப்பந்தத்தில் இல்லாதவரை அது தனியாக வரும். பாடகர்கள் ‘எழுதியவர்’ பட்டியலில் பெயர் போடத் துடிப்பதற்குக் கலைத்தாகத்தோடு இதுவும் ஒரு காரணம்.

கே: “என் பாட்டை நானே எழுதுகிறேன்” என்று ஒரு பாடகி சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது?

ப: ஸ்பாட்டிஃபையில் பாட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் பாடியவர், எழுதியவர், தயாரித்தவர் பட்டியல் வரும். ஒரே பாட்டை மட்டும் பார்க்காமல் ஆல்பம் முழுவதையும் பாருங்கள். எல்லாப் பாட்டிலும் பாடகியின் பெயரோடு ஓரிருவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது நிலையான கூட்டணி. ஹிட் ஆன பாட்டில் மட்டும் ஏழெட்டுப் பெயர் புதிதாக இருந்தால் அது கடைசி நேரத்தில் வாங்கிச் சேர்த்த பாட்டாக இருக்கலாம். ஏதாவது பழைய பாட்டின் துண்டைப் பயன்படுத்தியிருந்தாலும் பட்டியல் நீளும். அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

பட்டியலும் முழு உண்மை சொல்லாது. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் பங்கு கேட்கும் பாடகர்கள் உண்டு. ‘இனி அப்படித் தரமாட்டோம்’ என்று 2021-இல் பாடலாசிரியர்கள் பலர் சேர்ந்து திறந்த மடல் வெளியிட வேண்டிவந்ததே!

கே: நம் சினிமாவில் ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கிறார். யாரும் கோபப்படுவதில்லை. பாடாமல் வாயசைத்த மில்லி வனிலி என்ற இருவர் குழுவுக்கு மட்டும் ஏன் அந்தத் தண்டனை?

ப: நம் படத்தில் பின்னணி பாடியவர் பெயர் டைட்டிலில் இருக்கும், அந்தக் காலத்தில் கேசட் உறையிலும் இருந்தது. மில்லி வனிலி ஆல்பத்தில் பாடியவர்களாக, பாடாத இருவரின் பெயர் இருந்தது. நிஜமாகப் பாடியவர்களைத் தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியன் மறைத்து வைத்திருந்தார். 1989-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு மேடையில் ஒலிப்பதிவு சிக்கி ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது. அதற்குப் பிறகும் 1990 பிப்ரவரியில் ‘சிறந்த புதுக் கலைஞர்’ கிராமி விருது கிடைத்தது! நவம்பரில் ஃபாரியன் வாய்திறந்ததும் விருது பறிக்கப்பட்டது. அவமானம் முழுக்க முன்னால் நின்ற இரண்டு இளைஞர்கள் தலையில் விழுந்தது. திட்டம் போட்டவர் தொழிலைத் தொடர்ந்தார்.

கே: மேடையில் நிஜமாகப் பாடுகிறாரா, வாயசைக்கிறாரா? கண்டுபிடிக்க வழி உண்டா?

ப: மைக்கைக் கவனியுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி கூடினால் குரல் மெலிந்து, கீழ்ச்சுருதியின் கனம் குறைய வேண்டும். மைக் இடுப்புக்கு இறங்கிய பின்னும் குரல் அதே கனத்தில் வந்தால் ஒலிப்பதிவு ஓடுகிறது. குதித்து ஆடிய உடனே வரும் நீண்ட சுரத்தில் மூச்சின் நடுக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். பாட்டுக்கு இடையில் பேசும் குரலும் பாடும் குரலும் வேறு வேறு அறையில் ஒலிப்பதுபோல் இருந்தால் அதுவும் ஒரு துப்பு.

ஆனால் பெரும்பாலான நிகழ்ச்சிகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. காதில் பொருத்திய மானிட்டர் என்ற சிறு ஒலிபெருக்கியில் பாடகிக்குத் தாளம் எண்ணும் கிளிக் ஓடும். அதே கணினியிலிருந்து கோரஸும் சில வாத்தியங்களும் வரும். முதன்மைக் குரலின் பதிவையும் தனித் தடத்தில் வைத்திருப்பார்கள். நடனம் கடுமையான இடத்தில் ஒலிப் பொறியாளர் அதைக் கொஞ்சம் ஏற்றிவிடுவார். தவறு நேர்வது பெரும்பாலும் தடம் மாறி ஓடும்போதுதான். 2004-இல் அமெரிக்கப் பாடகி ஆஷ்லி சிம்ப்சனுக்கு ‘சாட்டர்டே நைட் லைவ்’ டி.வி. நேரலையில் இரண்டாம் பாட்டுக்கு ஏற்கெனவே பாடி முடித்த முதல் பாட்டின் குரல் ஓடியது. மைக் வாயருகில்கூட இல்லை.

டி.வி.யில் வாயசைத்தவரைப் பார்த்து ‘பொய்’ என்று குதிக்காதீர்கள். பல சமயம் அது நிகழ்ச்சியின் விதி. பிரிட்டனின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ 1991-இல் குரலை மட்டும் நேரடியாகப் பாட வேண்டும், வாத்தியம் பதிவில் ஓடும் என்று வைத்திருந்தது. நிர்வாணா குழு அதைக் கேலி செய்தது. பாடகர் கர்ட் கோபேன் வேண்டுமென்றே கட்டைக் குரலில் பாட, மற்ற இருவர் பதிவோடு ஒட்டாமல் வாசிப்பதாகப் பாவனை செய்தார்கள்.

கே: ஆட்டோ-ட்யூன் போட்டாலே பாடத் தெரியாதவர்தானே?

ப: இல்லை. 1997-இல் வந்த, பாடும் குரலின் சுருதியைத் திருத்தும் அந்த மென்பொருளில் திருத்தும் வேகத்தைக் குறைத்து வைத்தால் காதுக்கே தெரியாது. உச்சத்தில் வைத்தால் ‘பிலீவ்’ பாட்டில் வரும் பாடகி ஷேரின் குரல்போல் உடைந்து துள்ளும். சுருதியைத் திருத்தும், உச்சரிப்பையும் உணர்ச்சியையும் திருத்தாது.

கே: கம்பெனிக் குழு கம்பெனியையே எதிர்த்து வென்றதுண்டா?

ப: மங்கீஸ். 1965-இல் டி.வி. தொடருக்காக விளம்பரம் கொடுத்துச் சேர்த்த நால்வர். முதல் இரண்டு ஆல்பங்களில் வாத்தியம் பெரும்பாலும் கூலிக் கலைஞர்களுடையது. இரண்டாவது ஆல்பம் அவர்களுக்கே காட்டாமல் கடைக்குப் போனது. நால்வரில் ஒருவரான மைக் நெஸ்மித் பத்திரிகையில் வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். 1967 பிப்ரவரியில் இசைப் பொறுப்பாளர் டான் கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். நால்வரும் தாங்களே வாசித்த ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அடுத்த வாரமே பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வந்து தள்ளிவிட்டது, பாவம். கிர்ஷ்னர் பாடம் கற்றார்: அடுத்து அவர் பாட்டு அமைத்துக் கொடுத்தது ‘த ஆர்ச்சீஸ்’ என்ற கார்ட்டூன் குழுவுக்கு. கார்ட்டூன் எதிர்த்துப் பேசாது. 1969-இல் அதுவும் முதலிடம்.

கே: நானும் பாடகி, ஒரு லேபிள் ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது. மற்ற குழுக்களைப் பற்றி மனதில் பட்டதைப் பேசலாமா?

ப: பேசலாம். கையெழுத்துக்கு முன் நிறுவனத்தையோ அதன் மற்ற கலைஞர்களையோ பழித்துப் பேசக் கூடாது என்ற பிரிவு இருக்கிறதா என்று இசைத்துறை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். லேபிள் தரும் வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே அமர்த்துங்கள். இன்னும் முக்கியமானது, ஆல்பத்தை வெளியிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கிறதா என்பது. ரே என்ற பிரிட்டிஷ் பாடகி 2014-இல் நான்கு ஆல்பத்துக்கு ஒப்பந்தமானார். 2021 வரை ஒன்றுகூட வெளிவரவில்லை. அதைப் பொதுவெளியில் சொன்னதும் லேபிள் அவரை விடுவித்தது. 2023-இல் சொந்தமாக ஆல்பம் வெளியிட்டார், 2024-இல் பிரிட்டனின் இசை விருதுகளான பிரிட் விருதுகளில் ஆறு வென்றார். சக பாடகி எவரையும் அவர் பொம்மை என்று சொல்லவில்லை. தன் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினார். அமெரிக்கப் பாடகி சாப்பெல் ரோன் 2025 கிராமி மேடையில் புதுக் கலைஞர்களுக்கு வாழப் போதுமான சம்பளமும் மருத்துவக் காப்பீடும் கேட்டதும் அந்த வகைதான்.

எத்தனை மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் நீங்கள் விலகலாம், விலகினால் பாடிவைத்த பதிவுகள் யாருக்குச் சொந்தம்: இந்த இரண்டும் எழுத்தில் வந்த பிறகு பேட்டிக்கு உட்காருங்கள்.