ஜெபத்தில் மனம் ஒட்டவில்லையே!

கேள்வி: தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் சில மாதங்களாகச் சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது. தேவன் என்னைவிட்டு விலகிவிட்டாரா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் உணர்வு வறண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்து தேவன் எங்கே இருக்கிறார் என்று அளக்க முடியாது. பைபிளில் 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், ஆரம்பம் முதல் கடைசி வரை புலம்பல்தான், மற்றப் புலம்பல் சங்கீதங்களைப்போலத் துதியில்கூட முடியாமல் இருளிலேயே நின்றுவிடுகிறது, ஆனாலும் அதுவும் ஜெபம்தான் என்று வேதத்தில் சேர்த்திருக்கிறார்களே! அன்னை தெரசா 1997இல் இறந்து பத்து வருடம் கழித்து வெளியான அவருடைய கடிதங்களைப் படித்தவர்கள் திகைத்துப்போனார்கள். பல பத்தாண்டுகள் அவருக்கும் இதே வறட்சி. ஜெபிப்பதை மட்டும் அவர் விடவில்லை.

அதனால் அழகான வார்த்தைகளைத் தேடாதீர்கள். எனக்கு எழுதியதை அப்படியே தேவனிடம் சொல்லுங்கள், கோபம் இருந்தால் கோபத்தோடு. அப்புறம், சரியாகத் தூங்குகிறீர்களா? சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும்தான் கொடுத்தான். சாப்பாடு, தூக்கம் எதுவும் பிடிக்காமல் இருந்தால் போதகரோடு டாக்டரையும் பாருங்கள்.