எந்த ஔவையார்?

கேள்வி: அதியமான்கிட்ட நெல்லிக்கனி வாங்குன ஔவையாரும் ஆத்திசூடி எழுதுனவங்களும் ஒரே ஆளா சார்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லீங்க, நடுவுல சுமார் ஆயிரம் வருஷம் கேப்! நெல்லிக்கனி ஔவை சங்க காலம், ஆத்திசூடி ஔவை சோழர் காலம்னு சொல்றாங்க, நாமதான் ரெண்டு பேரையும் கோலூன்றுன ஒரே பாட்டி ஆக்கிட்டோம். புறநானூறு 89-ல சங்க ஔவை பாட்டியே இல்ல, மை தீட்டுன கண்ணோட ஒரு விறலி, அதாவது ஆடிப் பாடுற கலைஞர். அவங்க அதியமானுக்காக தூது போனப்ப, தொண்டைமான்ங்கற ராஜா தன் ஆயுதசாலைய காட்டி பந்தா பண்ண, இவங்க கூலா, உன் வேலெல்லாம் மயில்பீலி, மாலை, நெய்ப்பூச்சுன்னு பளபளன்னு இருக்கு, எங்காளோடது முனை ஒடஞ்சு கொல்லன் பட்டறையில கெடக்குன்னாங்க பாருங்க, நீ சண்டையே போட்டதில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி!